நல்லமிளகுக்காக ஓர் உபவாசம்

பாறசாலைப் பக்கத்துச் சபைகளில் அசனச் சோற்றை வேண்டாம் என்று சொல்ல இரண்டு பேருக்குத்தான் உரிமை உண்டு. ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடப்பவர், மற்றவர் கல்லறையில் கிடப்பவர். ரெஜித் இரண்டிலும் சேராதவன். சபை நாள் ஆராதனை முடிந்து ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பந்தியில், சட்டைக் கையை மடக்கி விட்டுக்கொண்டு நன்றாகத்தான் உட்கார்ந்தான். சோற்று வாளி பக்கத்தில் வந்ததும் இலைமேல் உள்ளங்கையை விரித்து மறித்துக்கொண்டான்.

வாளியோடு நின்றவர் புஷ்பபாய் டீச்சர். பெண்கள் சங்கத்தின் தலைவி. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஊரிலிருந்து இன்னும் பெறவில்லை.

“என்ன மக்கா, வயிறு செரியில்லியா?”

“மதி, போதும் டீச்சர்.”

“இலையில ஒண்ணுமே விழல்லியே, பின்ன எப்பிடி மதியாவும்?”

“கொஞ்சம் ரசம் மட்டும் விட்டாப் போதும் டீச்சர்.”

டீச்சர் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பிறகு பெண்கள் வரிசையில் இருந்த அவன் மனைவி ஷைலஜாவைப் பார்த்தார். ஷைலஜா தலையைக் குனிந்துகொண்டாள். தன் இலையில் குவிந்திருந்த சோறும் இறைச்சியும் அவளுக்கே கூச்சமாக இருந்தது. அவளுக்கு விஷயம் தெரியும், ஆனால் சொல்லக் கூடாது. வாய்க்குள் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு அதே வாயால் சோறு தின்பது லேசுப்பட்ட காரியமில்லை.

விஷயம் ஒரு குதிரை.

கல்யாணத்துக்கு முன்னால் ரெஜித் மைசூரில் ஒரு பந்தயக் குதிரை லாயத்தில் ரைடிங் பாயாக இருந்தான். தினமும் விடிகாலையில் குதிரைமேல் ஏறி அதை ஓட்டிப் பழக்குகிற வேலை. பனியோ மழையோ, வருடம் முழுக்கக் குதிரையோடு கிடப்பவன் அவன். பந்தயத்தன்று மட்டும் பட்டுச் சட்டை போட்ட ஜாக்கி விமானத்தில் வந்து இறங்கி, அதே குதிரைமேல் ஏறிக்கொள்வார். அதுதான் அந்த உலகத்தின் வழக்கம், யாரையும் குறை சொல்வதற்கில்லை.

அந்த லாயத்துக்கு பிளாக் பெப்பர் என்று ஒரு பெண்குதிரை வந்தாள். கறுப்பு, குள்ளம், கிட்டே வந்தவர்களையெல்லாம் கடிப்பாள். காசு கொடுத்து வாங்கினவரே முகத்தைச் சுளித்த குதிரை. ரெஜித் அவளை ஊர்ப் பேச்சில் நல்லமிளகு என்று கூப்பிட்டான். அவளைச் சாட்டையால் தொடக் கூடாது, கடைசி வளைவு வரைக்கும் அவள் போக்கில் விட வேண்டும், அதற்குப் பிறகு கையை முன்னால் தள்ளிக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள் என்பதைக் காலை காலையாக அவள் முதுகில் இருந்து தெரிந்துகொண்டவன் அவன். நல்லமிளகு டெர்பி என்கிற பெரிய பந்தயத்தையே ஜெயித்தாள். அன்றைக்கு அவள் முதுகில் இருந்தது வேறொருவர். ரெஜித் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினான்.

இதையெல்லாம் அவன் ஷைலஜாவிடம் சொன்னது கல்யாணம் முடிந்த அன்றே. புதுப் பெண்டாட்டியிடம் வேறொருத்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை உலகத்தில் இவர் ஒருத்தர்தான் என்று அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். பழைய வீரம் பேசுவதற்கு ஆண்பிள்ளைகள் வரியா கட்டுகிறார்கள்? அவள் பார்த்த ரெஜித், வாழைக்குலை ஏற்றிய சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவன். அதுவும் வளைவு வந்தால் பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்துத் திட்டும்படி மெதுவாகப் போகிறவன்.

அப்படி இருக்கும்போதுதான் சானுவின் போன் வந்தது. சானு குளத்தூர்க்காரன், மைசூரில் ரெஜித்தோடு ஒரே அறையில் கிடந்தவன். இப்போது சினிமாக்காரர்களுக்குக் குதிரைகளும் குதிரை ஓட்டுகிறவர்களும் ஏற்பாடு செய்து கொடுக்கிறான்.

“எலே ரெஜித்தே, நம்ம நல்லமிளகுக்க கதைய சினிமா எடுக்கப் போறானுவ. ஹீரோவுக்கு குதிரையக் கண்டாலே கை விறைக்குது. கடைசி ஓட்டம் அவருக்குப் பதிலா நீ ஓட்டணும். டெர்பி ஓட்டம்லே!”

ரெஜித் போனைக் காதில் வைத்தபடி அப்படியே நின்றான். குழம்பு கொதித்து வழிந்தும் ஷைலஜா அடுப்பைக் கவனிக்கவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிபந்தனை. ஒன்று, எடை. ஜாக்கி மாதிரி தெரிய வேண்டும், குதிரையும் தாங்க வேண்டும். கப்பையும் மீன்கறியுமாக ஏறிய உடம்பில் பன்னிரண்டு கிலோ இறங்கினால்தான் உண்டு. இல்லையென்றால் சானுவின் கையில் வேறு ஆள் தயாராக இருந்தான். இரண்டாவது, மூச்சு விடக் கூடாது. ஹீரோவே ஓட்டினார் என்றுதான் விளம்பரம். ரெஜித் வாக்குக் கொடுத்துவிட்டான். ஷைலஜாவிடம் மட்டும் சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கினான்.

“சினிமாவுல ஓடுறதுக்கா இந்தப் பாடு?” என்றாள் அவள். “மூஞ்சியும் காட்ட மாட்டானுவ. பேரும் சொல்ல மாட்டானுவ.”

“எனக்க பேரு எதுக்கு பிள்ளே? அந்தக் கடைசி வளைவு எனக்கு வேணும். ஒரு தடவ.”

அவன் எதையும் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஆசையாகக் கேட்டிருப்பானா என்பது சந்தேகம்தான்.

அன்று முதல் ரெஜித் கஞ்சித் தண்ணீரும் வெள்ளரிக்காயுமாக வாழ்ந்தான். விடிவதற்குள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு செங்கல் ஊருக்குப் போகிற ரோட்டில் ஓடினான். உடம்பு வேர்த்து இளைக்க வேண்டுமே. ஆனால் மழையே இல்லாத நாளில் ஒருவன் மழைக்கோட்டோடு ஓடினால் ஊர் சும்மா இருக்குமா? கோயிலுக்குப் போகிறவர்கள் பார்த்தார்கள், பால் வாங்கப் போகிறவர்கள் பார்த்தார்கள். சர்க்கரை என்று ஒருவர் சொன்னார். சர்க்கரையாக இருந்தால் நல்லதாச்சே, அதைவிடப் பெரியது என்று இன்னொருவர் சொன்னார். பெரியது என்ற சொல்லோடு எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்புறம்தான் அசனப் பந்தி வந்தது. அதோடு சந்தேகம் ருசுவாகிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் பெண்கள் சங்கம் வீட்டு வாசலில் வந்து நின்றது.

பாட்டுப் பாடினார்கள். புஷ்பபாய் டீச்சர் கண்ணை மூடி, குரல் நடுங்க, இந்த வீட்டை வாதிக்கிற வியாதி எதுவானாலும் அது இன்றே விலகும்படி ஜெபித்தார். ரெஜித் குற்றவாளி மாதிரி சுவரோரம் நின்றான். ஜெபம் முடிந்ததும் தூக்குப் பாத்திரங்கள் திறந்தன. கோழிக்குழம்பு, நெய் விட்ட கஞ்சி, தேங்காய் போட்டுப் புரட்டிய மரச்சீனி, நேந்திரம்பழம் அவித்தது. நோயாளி தின்று முடிக்கும்வரை நகர மாட்டோம் என்கிற தோரணையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். கோழிக்குழம்பின் வாசம் ரெஜித்தின் கண்ணில் தண்ணீரை வரவழைத்தது. பெண்கள் அதை வேறு விதமாகப் புரிந்துகொண்டு தாங்களும் கண்ணைத் துடைத்தார்கள்.

ஷைலஜா கணக்குப் போட்டாள். ஒரு வாரம் இப்படிச் சாப்பிட்டால் அந்தக் கடைசி வளைவு வேறொருவனுக்குப் போய்விடும். பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை, இப்போதுதான் ஜெபம் முடிந்திருக்கிறது.

“அவிய உபவாசத்துல இருக்காவ டீச்சர்” என்று சொல்லிவிட்டாள்.

அது பொய்யுமில்லை. டீச்சரின் முகம் அப்படியே மாறிப்போயிற்று.

“உபவாசமா? அப்போ சீக்கு இல்லியா? எதுக்காக மக்கா?”

“ஒரு காரியத்துக்காக்கும்” என்றான் ரெஜித், தரையைப் பார்த்தபடி.

அந்தச் சபையில் உபவாசம் இருப்பவனிடம் காரணம் கேட்கும் வழக்கமில்லை. அது அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையில் உள்ள பேச்சு. ஆனால் கூடச் சேர்ந்து ஜெபிக்கலாம், அதற்கு யாரும் தடை போட முடியாது. காரியம் கைகூடும்வரை வீட்டுக்கு ஒரு நாளாக முறை வைத்து ஜெபிப்பது என்று டீச்சர் அங்கேயே முடிவு செய்தார். பாத்திரத்தைத் திருப்பி எடுத்துப் போவது மரியாதையில்லை என்பதால் கோழிக்குழம்பு ஷைலஜாவுக்கு வந்தது. “நீயாவது தின்னு மக்கா, கூட இருந்து நோக்குறவளுக்கும் பலம் வேணும்.” அடுத்த நாளும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. எதிரே ஒருவன் வெள்ளரிக்காயைக் கடித்துக்கொண்டிருக்க, அவள் தலையைத் திருப்பிக்கொண்டு தின்றாள். அவன் இடுப்பிலிருந்து இறங்கியது வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அவளுடைய ரவிக்கைகள் ஒவ்வொன்றாகப் பிடிக்க ஆரம்பித்தன.

ஒரு வழியாக எடை இறங்கியது. பாறசாலை ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது அவன் சட்டைக்குள் அவனைத் தேட வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது முகம் வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, உள்ளங்கை இரண்டிலும் தோல் உரிந்திருந்தது. அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

“என்ன ஆச்சு?”

“ஜெயிச்சோம்.”

“கதையில ஜெயிக்கணும்ணு எழுதியிருந்தா, ஜெயிக்காம பின்ன?”

அவன் சிரித்தான். “குதிரைக்குக் கதை தெரியாதே பிள்ளே. மத்த குதிரையள பிடிச்சு நிறுத்தச் சொன்னா, நிக்குமா? அதுவளும் ஓடப் பிறந்ததுவதானே. மூணு தடவ எடுத்தப்பவும் நான் பின்னால. நாலாவது தடவ நெசமாட்டே ஓடினோம். யாரும் விட்டுக் கொடுக்கல்ல.”

இயக்குநரைப் பற்றி நல்லபடியாகச் சொன்னான். கடைசி ஓட்டத்தில் ஹீரோ சாட்டையை ஓங்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்களாம். நல்லமிளகை யாரும் அடித்ததில்லை என்று இவன் சொன்னபோது, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த மனிதர் மட்டும் சிரிக்காமல், பின்னே அவள் எப்படித்தான் ஓடினாள் என்று கேட்டு, அவனை வைக்கோல் கட்டின்மேல் உட்கார வைத்து முழுக்கக் கேட்டுக்கொண்டாராம். சாட்டையை எடுத்துவிட்டாராம். ஹீரோவும் நல்ல பையன், பயந்து பயந்தானாலும் குதிரையின் கழுத்தில் கை வைக்கக் கற்றுக்கொண்டான், எப்படி இளைத்தாய் என்று துருவித் துருவிக் கேட்டான் என்றான் ரெஜித். அவன் முகத்தில் ஒரு குறையும் இல்லை. அந்த வருடம் முழுக்க ஷைலஜா அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தானும் சந்தோஷமாக இருந்தாள்.

ஆனால் ஊர் ஒன்றை மறக்கவில்லை. உபவாசம் முடிந்து சோறு தின்கிறான் என்றால் காரியம் கைகூடிவிட்டது என்று அர்த்தம். காரியம் கைகூடினால் சபையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். அவன் திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகர், யாராவது நன்றி சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். மொத்தச் சபையும் திரும்பி ரெஜித்தைப் பார்த்தது.

உண்மையைச் சொன்னால் வாக்குத் தவறும். வேறு எதையாவது சொன்னால் அது பொய், நிற்கிற இடமோ அப்படிப்பட்டது. இத்தனை வீட்டார் முறை வைத்து ஜெபித்திருக்கிறார்கள், வாயை மூடிக்கொண்டிருப்பதும் நன்றிகெட்டதனம். ரெஜித் எழுந்து நின்றான். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கு சீக்கு ஒண்ணும் இல்லாயிருந்து” என்றான். “ரொம்ப வருசமாட்டு ஒரு ஆசை உண்டாயிருந்து. அது எனக்குக் கிட்டாதுண்ணு விட்டுட்டேன். இப்போ கிட்டிச்சு. என்னண்ணு சொல்லப்பிடாது, வாக்குக் குடுத்திருக்கேன். நான் பட்டினி கெடந்ததும் நெசம், நீங்க ஜெபிச்சதும் நெசம். ஓடினப்போ... அந்த நேரத்துல உங்களையெல்லாம் நினைச்சேன். அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டான். பின்வரிசையில் செல்லையன் பக்கத்திலிருந்தவரிடம், “குடிய விட்டிருக்கான், பாவம்” என்றது நன்றாகவே கேட்டது. வாழ்நாளில் குடிக்காத ரெஜித்தை அன்றிலிருந்து ஊர், குடியை விட்டவன் என்று தனி மரியாதையோடு பார்த்தது. ஷைலஜா இதையும் விழுங்கினாள்.

படம் வெளிவந்தது. குதிரைப் படம், குடும்பத்தோடு பார்க்கலாம் என்று எல்லாரும் சொல்ல, டீச்சர் ஒரு வேன் பிடித்து சங்கத்துப் பெண்களையும் கூட வர விரும்பினவர்களையும் நெய்யாற்றின்கரை தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரெஜித்தும் ஷைலஜாவும் டீச்சரின் பக்கத்து இருக்கைகளில் உட்கார்ந்தார்கள்.

சினிமாவில் குதிரை ஜெயிக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் சில காரியங்கள் நடந்தாக வேண்டும். ஒரு தடவை அது விழ வேண்டும். ஒரு மழை பெய்ய வேண்டும். முதலாளியின் மகள் அதன் நொண்டும் காலைத் தடவி அழ வேண்டும், அந்தக் கண்ணீரில் கால் குணமாக வேண்டும். எல்லாம் நடந்தது. படத்தின் நல்லமிளகு உயரமாக, பளபளவென்று, கடிக்கவே தெரியாதவளாக இருந்தாள். “இவ வேற வீட்டுப் பிள்ளை” என்று ரெஜித் முணுமுணுத்தான். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, எடுத்தவன் மனசுள்ளவன் என்று ஷைலஜா நினைத்தாள். லாயத்தில் குதிரையின் காலைக் கழுவுகிறவனையும், குளம்புக்கு லாடம் அடிக்கிறவனையும், விடிகாலை மூட்டத்தில் வரிசையாகப் போகும் ரைடிங் பையன்களையும் அவசரமில்லாமல் காட்டியிருந்தான். பட்டுச் சட்டைக்காரர்கள் வருவதற்கு முன்னால் அங்கே ஓர் ஊரே விழித்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் பாதி நம்பியதற்காக வெட்கமாக இருந்தது.

இடைவேளையில் டீச்சர் கடலையைக் கொறித்துக்கொண்டே சொன்னார். “இந்த ஹீரோப் பையன் கெட்டிக்காரனாக்கும். டிவியில பேட்டி குடுத்தான், கண்டியா? மாசக்கணக்குல கஞ்சித்தண்ணியும் வெள்ளரிக்காயுமாட்டு கெடந்தானாம். வெயில்ல மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஓடினானாம். அப்பிடி இளைச்சாத்தான் பந்தயக் குதிரைமேல ஏற முடியுமாம்.”

ஷைலஜாவுக்கு உச்சந்தலை சூடாயிற்று. ஓட்டத்தை எடுத்துக்கொண்டது போகட்டும், பட்டினியையுமா? வாய்வரை வந்துவிட்டது. ரெஜித் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். “நான்தான் பறஞ்சு குடுத்தேன், போட்டும் பிள்ளே” என்றான் மெதுவாக. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி ஓட்டம் வந்தது.

முதலில் ஹீரோவின் முகம், வேர்வையோடு. அப்புறம் தூரத்திலிருந்து குதிரைகள் எல்லாம் ஒரு கூட்டமாக வளைவில் திரும்பின. கேமரா பக்கத்தில் வந்தபோது முகம் இல்லை. கறுப்புக் குதிரையின்மேல் மடங்கிய ஒரு முதுகு மட்டும்தான் இருந்தது. குதிரையின் கழுத்து நீள்கிற போதெல்லாம் அந்தக் கைகள் இரண்டும் கூடவே நீண்டன. மற்றவர்களின் சாட்டைகள் எழுந்து விழுந்தன, இந்தக் கை எதையும் தூக்கவில்லை. குதிரை எது, மனிதன் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அந்த இரண்டு பேரும் வேலியை ஒட்டிய சின்ன இடைவெளிக்குள் புகுந்து வந்தார்கள். தியேட்டரில் ஹீரோவின் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். ஷைலஜா அந்த முதுகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாழைக்குலை ஆட்டோவை வளைவில் மெதுவாக ஓட்டுகிற இந்த மனிதனா? அடிபட்டுச் சாகாமல் எப்படி வந்தான்? தன் வீட்டில் தன்னோடு இப்படி ஒருவன் இருந்திருக்கிறான், அவள் இத்தனை நாளும் அவனிடம் மீன் வாங்கி வரவில்லை என்று சண்டை போட்டிருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தாள். ரெஜித் அழுதுகொண்டிருந்தான். கண் திரையில் இருந்தது. மடியில் இருந்த கைகள் இரண்டும், குதிரையின் கழுத்தோடு சேர்ந்து முன்னால் போய் முன்னால் போய் வந்தன.

அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த புஷ்பபாய் டீச்சரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் திரையைப் பார்த்தார். மறுபடி அந்தக் கைகளைப் பார்த்தார். கடலைப் பொட்டலம் மடியில் சாய்ந்ததை அவர் கவனிக்கவில்லை. ஏதோ கேட்கப் போகிறார் என்று ஷைலஜா பயந்தாள். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றும் முடிவு செய்துகொண்டாள். டீச்சர் கேட்கவில்லை. படம் முடிந்து விளக்குப் போடும்வரை அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. டீச்சர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்து சங்கத்தில் யாரும் கண்டதில்லை.

வெளியே வேன் நின்றது. பயணம் புறப்படும் முன் ஜெபம் செய்யாமல் சங்கத்து வேன் நகராது. எல்லாரும் வட்டமாக நின்று கண்ணை மூடினார்கள். பார்க்கிங்கில் பைக்குகள் உறுமிக்கொண்டிருந்ததால் டீச்சர் குரலை உயர்த்தினார்.

“ஆண்டவரே, நல்லதொரு படத்தைக் காணக் குடுத்ததுக்காக ஸ்தோத்திரம். அந்த வாயில்லாச் சீவனை நல்லபடி ஓட வச்சதுக்காக ஸ்தோத்திரம்.” கொஞ்சம் நிறுத்தினார். “அதுக்க முதுகுல இருந்த பிள்ளைய விழாம, ஒரு எலும்பு முறியாம, அவனுக்க வீட்டுக்குத் திரும்பக் கொண்டு வந்ததுக்காக ஸ்தோத்திரம்.” பிறகு பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்தினார். “அவன் யாருண்ணு உமக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் யாருட்டயும் சொல்லப்பிடாது, அதுக்கு எனக்குப் பெலன் தாரும்.”

டீச்சர் ஹீரோவுக்காக இவ்வளவு உருக்கமாக ஜெபிக்கிறார் என்று நினைத்து எல்லாரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். ரெஜித்தால் உடனே சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் கண்ணைத் திறந்து வேனில் ஏற ஆரம்பித்த பிறகுதான், தனியாக, எல்லாருக்கும் கேட்கும்படி அவன் ஆமென் என்றான்.